மின்பலகையும் துணைக்கலமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு மின்கலத்தைப்பற்றி எழுதத் தகுதி யாதென்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். தகுதி ஒன்றே உண்டு. பௌதிக மாணவர் ஒருவரோடு யாம் ஓரறையில் உறைகின்றோம். அவர் மேசைமேற் செய்வன யாவும் எம் தலையணைக்கு மூன்றடித் தொலைவில் நிகழ்கின்றன.

மின்சாரம் நின்று மீளுந்தோறும் விடுதிக் கடிகாரம் பொழுதை மறந்து பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுதலைக் கண்டு வருந்திய அவர், தாமே ஒரு கடிகாரம் சமைக்கத் தொடங்கினார். டிஎஸ் 3231 என்னும் காலங்காட்டுஞ் சில்லுப் பதித்த சிறு பலகையொன்றை வாங்கினார். அதன் பின்புறக் குழியில், எக்கடையிலும் கிடைக்கும் சிஆர் 2032 என்னும் பொத்தான் கலத்தை இட்டார். 5 வோல்ட்டில் இயக்கினார். மூன்றாம் வாரத்தில் அக்கலம் வயிறு புடைத்துக் குழியினின்று எழும்பி நின்றது. தீப்பற்றவில்லை, எனினும் அன்றிரவு யாம் கூடத்திற் பாய்விரித்துப் படுத்தோம்.

நிகழ்ந்தது யாதெனின், அப்பலகையில் ஒரு டையோடும் 200 ஓம் மின்தடையும் வழியாகக் கலத்திற்கு இடைவிடாது மின்னேற்றும் வழியொன்று வைக்கப்பட்டிருந்தது. 5 வோல்ட்டில் டையோடு ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கும். கலத்தின் அழுத்தம் 3 வோல்ட். எஞ்சிய 1.3 வோல்ட் 200 ஓம் வழியே 6 மில்லியாம்பியருக்குச் சற்று மேலான ஓட்டத்தைக் கலத்துள் செலுத்தும். சிஆர் 2032 மீண்டும் மின்னேற்றத் தகாத கலம். அப்பலகையின் வழி, எல்ஐஆர் 2032 என்னும் மின்னேற்றத் தக்க கலத்திற்கென அமைந்தது. உருவும் அளவும் ஒன்றே, இரண்டெழுத்தே வேறுபாடு. லகரமும் ளகரமும் மயங்கிக் கலம் களமாயினும் தேர்வில் மதிப்பெண்ணே குறையும். இம்மயக்கமோ அத்துணை எளிதன்று. அன்றியும், எல்ஐஆர் கலத்திற்கும் அவ்வழி நன்றன்று. அதன் மேலெல்லை 4.2 வோல்ட், 5 வோல்ட்டினின்று 0.7 கழித்தால் 4.3 எஞ்சுமன்றோ? பலகையை 3.3 வோல்ட்டில் இயக்கியிருப்பின் இத்தீங்கு எழுந்திராது.

மின்னேற்றத் தக்க கலமே சிக்கனமானதென்று எம் தோழர் வாதிட்டார். யாம் அதற்கு உடன்படோம். இச்சில்லு கலத்தினின்று கொள்ளும் ஓட்டம் மிகுதியாக வைத்தாலும் 3 மைக்ரோஆம்பியரளவே. சிஆர் 2032இன் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லியாம்பியர் மணி. வகுத்துப் பார்ப்பின், மின்சாரமே வாராதிருப்பினும் எட்டாண்டு தாங்கும் என விளங்கும். எல்ஐஆர் கலமோ 40 மில்லியாம்பியர் மணி அளவினதே. எட்டாண்டு தாங்கும் ஒன்றற்கு மின்னேற்றும் வழி எற்றுக்கு? கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஈயம் பற்றவைக்கும் கோலால் அம்மின்தடை ஒன்றை எடுத்தெறிதலே தக்க மருந்து. கூட்டுதலினும் குறைத்தல் காப்பாகும் இடம் இது. தாமே பலகை வரைவோராயின், கலத்தினின்று ஓட்டம் வெளிவரலாம், உட்புகலாகாது என்பதை முதற்கோடு இடும்போதே எண்ணி, ஒரு டையோடும் அதனோடு தொடராக ஒரு மின்தடையும் அமைத்தல் வேண்டும். ஒன்று பழுதுறினும் மற்றது காக்கும்.

விளக்கும் ஒலிபெருக்கியும் உடைய பெரிய பலகைகளுக்கு இஃது ஒவ்வாது. அவற்றிற்கு லித்தியம் அயனிக் கலம் வேண்டும். ஆண்டுதோறும் மாணவர் கண்காட்சியில் யாம் காணும் பிழை ஒன்றே. டிபி 4056 என்னும் மின்னேற்றுஞ் சில்லையும் கலத்தையும் பலகையையும் ஒருங்கே ஒரு முனையிற் பிணைத்துவிடுகின்றனர். அச்சில்லு, ஓட்டம் குறித்த அளவிற் பத்திலொன்றாகக் குறைந்தவழி ஏற்றுதலை நிறுத்தும். பலகை உண்ணும் ஓட்டத்தையும் கலமே உண்பதாகக் கருதி மயங்குமாயின், அது நிறுத்த வேண்டிய பொழுதில் நிறுத்தாது. வெளிமின்சாரம் உள்ளவரை பலகை அதனையே உண்ணவும், அது நின்றபொழுதே கலம் இணையவும் ஒரு மாஸ்பெட்டால் வழி பிரித்தல் வேண்டும். மலிவான காப்புச் சில்லுகள் கலம் 2.4 வோல்ட்டிற்கு இறங்கிய பின்னரே அதனைத் துண்டிக்கும். அது கடைசி அரண். 3 வோல்ட் அளவிலேயே பலகை தானே ஓய்தல் நன்று. லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுக் கலம் வெப்பத்தை மிகுதியும் பொறுக்குமாதலின் யாம் அதனையே விரும்புவோம். ஆயின் அதற்கு 3.65 வோல்ட்டே எல்லையாதலின் 4.2 வோல்ட் மின்னேற்றி ஆகாது. 45 பாகைக்கு மேற்பட்ட வெம்மையில் லித்தியம் அயனிக் கலத்திற்கு மின்னேற்றலாகாதென்பது பொதுவிதி. வைகாசி வெயிலிற் சன்னலோரம் வைத்த மூடிய பெட்டிக்கு அவ்வெல்லை தொலைவன்று.

புடைத்த அக்கலத்தை என்செய்வதென்று அறியாது, மணல் நிரப்பிய தகரக் குவளையில் இட்டு வராந்தாவில் மூன்று நாள் வைத்திருந்தோம். பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் இந்திய விதிகள் அவற்றைச் சந்தைக்குக் கொணர்வோர்மேற் சுமத்தியுள்ளன. ஆயினும் மாணவன் கையினின்று அவர்பால் அவை சேரும் வழி யாது? பௌதிக ஆய்வுக்கூட வாயிலில் மூடியுள்ள இரும்புப் பெட்டியொன்றும், முனைகளை ஒட்டி மறைக்க மின்காப்பு நாடாச் சுருள் ஒன்றும் வைக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். எம் தோழரின் கடிகாரம் இப்பொழுது விடுதிக் கூடத்திற் பிழையின்றி ஓடுகின்றது. அதனினின்று எடுத்த மின்தடை எம் அகராதியின் அட்டைக்குள் கிடக்கின்றது.