அவசரம் வேண்டாம்

ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இத்தகைய அறிவிப்பு வந்தாலே நிலத்தரகர்களின் அழைப்புகளால் கைபேசி ஓயாது. "பெங்களூரு பார்ட்டி காத்திருக்காங்க சார், சாயங்காலத்துக்குள்ள டோக்கன் போட்டுடுங்க!" போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓடிபி கேட்பவனின் ஆயுதமும் இதே அவசரம்தான்.

பெங்களூரு விமான நிலையத்தைச் சுற்றி, ஓசூரும் அடங்கும் 150 கி.மீ.க்குள் புதிய பன்னாட்டு நிலையத்துக்கு 2033 வரை ஒப்பந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. அறிவிப்புக்கும் ஓடுபாதைக்கும் நடுவே பல ஆண்டுகள் கிடக்கின்றன. நிலவிலை முதலில் ஏறும். வாடகை பின்னால்தான் வரும். தேவைக்கு மேல் கிடங்குகளும் கடைகளும் எழும்பினால் 'வாடகைக்கு விடப்படும்' பலகைதான் தொங்கும். வங்கி வட்டி நிற்காது.

முன்பணத்துக்கு முன் வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம், 'ரெரா' பதிவு எண் ஆகியவற்றைச் சரிபாருங்கள். 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்திலேயே இல்லை. பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள். இந்த எச்சரிக்கை சார்பதிவாளர் அலுவலக வாசலிலும், சிப்காட் தொழிலாளர் விடுதிகளிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் எழுதப்பட வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வாழ்நாள் சேமிப்பைக் காப்பது ஒரு நாள் பொறுமைதான்.