டிசைன் முதுகலைக்கு 10 லட்சம் கடன்... முதல் சம்பளம் தாங்குமா?

செஞ்சி பக்கம் வல்லத்தில் ஒரு விவசாயக் குடும்பம், பிள்ளையை எம்.டெஸ். படிக்க அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கட்டணம், விடுதி, லேப்டாப் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய் கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதைத் தாண்டினால் சொத்து ஈடு. அதாவது, நிலப் பத்திரம் வங்கிக்குப் போயிடும்.

கணக்கு என்ன சொல்லுது?

வட்டி 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். படிக்கும் 2 ஆண்டும், முடித்த பின் 1 ஆண்டும் இஎம்ஐ கிடையாது. ஆனால், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கியிருந்தால், 3 ஆண்டில் தனிவட்டியே 3 லட்சம். தவணை தவணையாக வாங்கினால் கொஞ்சம் குறையும்.

இந்த 13 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 17,200 ரூபாய் கட்டணும். 15 ஆண்டு என்றால் சுமார் 14,000 ரூபாய். இஎம்ஐ குறையுதேன்னு சந்தோஷப்படாதீங்க. மொத்தமாக 25 லட்சம் கட்டியிருப்பீங்க.

சென்னையில் கைக்கு 35,000 ரூபாய் வரும் முதல் வேலை என்றால், 10 ஆண்டுக் கணக்கில் பாதிச் சம்பளம் கடனுக்கே போயிடும். வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

பட்டம் கட்டாயமா?

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டு சட்டப்படி பதிவு வேண்டும். யூஎக்ஸ், கிராஃபிக் டிசைனர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோவைத்தான். அதற்காக முதுகலை வீண் என்று சொல்லவில்லை. இன்ஜினீயரிங் முடித்து டிசைனுக்கு மாறுகிறவர்களுக்கு ஸ்டூடியோ பயிற்சியும் கேம்பஸ் வாய்ப்பும் பெரிய பலம். ஆனால், படிப்பு நல்லதா என்பது ஒரு கேள்வி. இந்த விலைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி.

என்ன செய்யலாம்?

* ஐஐடி பாம்பே நடத்தும் ‘சீட்’ நுழைவுத்தேர்வை எழுதுங்க. அதில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் எம்.டெஸ். சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 24 மாதத்துக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம். மேலே சொன்ன வட்டிக்கு அதுவே ஈடாகும்.

* உயர் தரவரிசைக் கல்லூரியா? 2024-ல் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடு இல்லாத கடன் கிடைக்குமா என்று பாருங்க.

* கல்லூரியிடம் சராசரிச் சம்பளத்தைக் கேட்காதீங்க. ஒருவர் 40 லட்சம் வாங்கினாலே சராசரி எகிறிடும். வரிசையில் நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குறார், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கலைன்னு கேளுங்க.

என்னைக் கேட்டால், இந்த இரண்டு எண்களையும் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டாயமாக்கணும். 10 லட்சம் கடன் வாங்குகிறவருக்கு அது தெரிந்தே ஆகணும்.

அதுவரை ஒரு கணக்கு கைகொடுக்கும். கிடைக்கக்கூடிய குறைந்த சம்பளத்தில் கால் பங்கை இஎம்ஐ தாண்டினால், அந்த அட்மிஷனை விட்டுடலாம். ‘சீட்’ தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. அடுத்த ஜனவரியில் மறுபடி எழுதலாம். வங்கிக்குப் போன பத்திரம் வீடு திரும்ப 15 வருஷம்கூட ஆகலாம்.