பெர்ரி மேசன் தோற்ற நாள்

தோல்வியே அறியாத வீரன் மீது நமக்கு வியப்பு உண்டாகும். அன்பு உண்டாவது அரிது. வழக்கறிஞர் பெர்ரி மேசன் மீது எனக்கு அன்பு உண்டானது அவர் தோற்ற நாளில்தான்.

ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் படைத்த அந்த வழக்கறிஞரை நாவல்களில் அறிந்தவர்கள் நம்மிடையே பலர். 1957 முதல் 1966 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி அவருடைய வழக்குகளை 271 பகுதிகளாக ஒளிபரப்பியது. மேசனாக நடித்தவர் ரேமண்ட் பர். பரந்த தோள், ஆழ்ந்த குரல், அசையாத பார்வை. அவர் எழுந்து குறுக்கு விசாரணை தொடங்கினால், சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு வேர்க்கும். பார்வையாளர் வரிசையில் ஒருவர் திடீரென எழுந்து, "ஆம், நான்தான் கொன்றேன்!" என்று கதறுவார். நிரபராதி விடுதலை பெறுவார். நாமும் நிம்மதியாக உறங்கச் செல்வோம்.

1963 அக்டோபரில் ஒளிபரப்பான 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்' என்னும் பகுதி இந்த நிம்மதியைக் குலைத்தது. மற்றப் பகுதிகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. நடுவர் குழு நீதிமன்றத்துக்குள் வருகிறது. "குற்றவாளி" என்று அறிவிக்கிறது. மேசனின் கட்சிக்காரரான ஜானிஸ் பார்ட்டன் என்னும் பெண்ணுக்கு நச்சுவாயு அறையில் மரணம் என்று முடிவாகிறது. அவர் தம் வழக்கறிஞரிடமே முழு உண்மையையும் சொல்லவில்லை. அந்த மறைப்பே அவருக்குப் பகையாயிற்று. எனினும் கொலை செய்தவர் அவரல்லர். மேசன் தோல்வியை ஒப்புக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விடவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் தேடுகிறார். இறுதியில் உண்மைக் கொலையாளியைக் கண்டுபிடிக்கிறார்.

"பொழுதுபோக்குக் கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கலாம். மற்ற 270 பகுதிகளும் நம்மை அறியாமலே நமக்கு ஒரு தவறான பாடத்தைக் கற்பிக்கின்றன என்பது என் கருத்து. குற்றம் சாட்டப்பட்டவர் தப்ப வேண்டுமானால் உண்மைக் குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்பதே அந்தப் பாடம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை. வேறு யார் செய்தார் என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பன்று. அவர் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 20ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. ஆனால் மேசன் கதைகளைப் பார்த்துப் பழகிய மனம், "நீ இல்லையென்றால் வேறு யார்?" என்றே கேட்கிறது.

அந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். விடுதியில் ஒரு மாணவரின் பணப்பை காணாமற்போயிற்று. அன்று அந்த அறைக்கு வந்து சென்றவர் ஒரே ஒருவர் என்று பேச்சு. நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி அவரை நடுவில் உட்கார வைத்தோம். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றார் ஒருவர். "மடியில் கனமில்லை என்றால் வாய் திறந்து சொல்வதற்கென்ன?" என்றார் மற்றொருவர். "நீ எடுக்கவில்லை என்றால் வேறு யார் எடுத்தது?" என்றேன் நான். அவர் விடை சொல்லவில்லை. அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்தோம். விடுமுறை முடிந்து கட்டிலை நகர்த்தியபோது, சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே பை கிடந்தது. திருடனே இல்லாத திருட்டு அது! எங்கள் கேள்விக்கு அவர் எந்தப் பெயரைச் சொல்லியிருக்க முடியும்? அதற்குள் அவர் வேறு விடுதிக்கு மாறிவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சென்றேன். "பரவாயில்லை" என்றார். அதற்கு மேல் அவர் என்னுடன் பேசவில்லை.

தீர்ப்பு வேறு, உண்மை வேறு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கலாம். எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஜானிஸ் பார்ட்டனின் கதை காட்டுவது இதைத்தான். கோவலனைக் கொன்ற பாண்டியனை நாம் அறிவோம். பொற்கொல்லன் சொல்லை நம்பினான், விசாரிக்கவில்லை, அதனால் பிழை நேர்ந்தது. விசாரித்திருந்தால் சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பது முன்பே தெரிந்திருக்கும் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். மேசன் கதையிலோ அந்த ஆறுதலும் இல்லை. அங்கே விசாரணை நடந்தது. சாட்சிகள் வந்தனர். நடுவர்கள் கேட்டனர். நாட்டிலேயே சிறந்த வழக்கறிஞர் வாதாடினார். அத்தனைக்கும் பிறகு தீர்ப்புப் பிழையாயிற்று! விசாரணை இன்றியமையாதது, ஆயினும் விசாரணையும் தவறக்கூடும். ஆதலால்தான், திரும்பப் பெற முடியாத மரண தண்டனையை நான் ஏற்பதில்லை. சிறைக் கதவைத் திறந்துவிடலாம். சுடுகாட்டிலிருந்து எவரையும் அழைத்து வர முடியாது.

கதையை எழுதியவரே இதை நன்கு உணர்ந்தவர். கார்ட்னர் கலிபோர்னியாவில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். எளிய சீனக் குடியேறிகளுக்காக வாதாடியவர். நாவல்களில் மேசனை ஓயாமல் வெல்ல வைத்த அவர், 1948இல் 'கடைசிப் புகலிட மன்றம்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று கருதத்தக்கோரின் வழக்குகளை, தடய அறிவியல் அறிஞர்களைத் துணைக்கொண்டு மீண்டும் ஆராய்வது அதன் பணி. வாழ்க்கையில் எவரும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து கதறுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால்தான் தீர்ப்புக்குப் பிறகும் தேடினார்.

சட்டம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வென்ற மேசனை வியந்து பாருங்கள், தோற்ற மேசனைப் பின்பற்றுங்கள். மற்ற நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். நீதிமன்றம் ஏறாத வழக்குகள் நம் விடுதியிலும் உணவுக் கூடத்திலும் நாள்தோறும் நடக்கின்றன. அங்கே வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு. அடுத்த முறை ஒருவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடும்போது, "வேறு யார்?" என்று கேட்குமுன், "நடந்தது குற்றந்தானா?" என்று கேட்க ஒருவராவது இருக்கட்டும். அன்று எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவரும் இல்லை.