1812 போரில் தோற்றது யார்?

போன கிழமை மகன் பள்ளிக்கூட ஒப்படை ஒன்றோடு வந்து நின்றான். "அப்பா, 1812 போரில அமெரிக்கா வெண்டிருந்தால் நாங்கள் கனடாவுக்கு வந்திருக்கமாட்டம், என்ன?"

"கனடா எண்டு ஒண்டு இருந்திருக்குமோ தெரியாது. ரொறன்ரோவும் ஒரு அமெரிக்க நகரமாய் இருந்திருக்கும்" என்றேன்.

அது வெறும் கற்பனை இல்லை. 1813 ஏப்ரல் 27 அன்று அமெரிக்கப் படை இன்றைய ரொறன்ரோவான யோர்க்கைப் பிடித்தது. நாடாளுமன்றக் கட்டடங்கள் எரிந்தன. ஆனால் படை நிலைத்து நிற்கவில்லை. 1814 டிசம்பர் 24இல் கென்ட் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லைகள் போருக்கு முன் இருந்தபடியே. அதனால்தான் இரண்டு பக்கமும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்படியென்றால் தோற்றது யார்?

பூர்வகுடி மக்களை ஒன்றுசேர்த்த ஷாவ்னித் தலைவர் டெக்கம்சே, 1812 ஆகஸ்டில் பிரித்தானியத் தளபதி ஐசக் புரொக்கோடு நின்று டிட்ரோயிட்டை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியப் படை பின்வாங்கியபோது, ஒன்ராறியோவின் தேம்ஸ் ஆற்றங்கரையில் சண்டையிட்டு மடிந்தார். கென்டில் பிரித்தானியா முதலில் அந்த மக்களுக்கென்று ஒரு தனி நிலப்பரப்புக் கேட்டது. அமெரிக்கா மறுத்ததும் கைவிட்டுவிட்டது. 1811இல் அவர்களுக்கு இருந்த உரிமைகளைத் திருப்பித் தருவதாக ஒரு பிரிவு மட்டும் எழுதப்பட்டது. அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த மேசையில் அவர்கள் தரப்பில் ஒருவர்கூட இருக்கவில்லை.

பிரித்தானியா விட்டுக்கொடுக்காமல் நின்றிருந்தால் அந்த நிலம் நிலைத்திருக்கும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஒஹாயோவில் அதற்கு முன்பே வெள்ளைக் குடியேற்றம் பெருகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியையாவது நாங்கள் கேட்கவேணும். எங்கள் நிலத்தின் தலைவிதியை மற்றவர்கள் எழுதுவது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? இங்கே எங்கள் விழாக்களில், இது பூர்வகுடிகளின் நிலம் என்று ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மகனிடம் சொன்னேன்: "அமெரிக்கா வெண்டிருந்தால் எண்டதை விடு. டெக்கம்சே சாகாமல் அந்த மேசையில இருந்திருந்தால் எண்டு எழுதிப் பாரன்."

இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.