அறுபதில் கைவிடும் காப்பீடு

மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தால், கட்ட வேண்டிய தொகையையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அந்த பாலிசியின் பிரீமிய அட்டவணையைத் தேடியெடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 36 முதல் 40, 41 முதல் 45 என்று பெரும்பாலும் வயதை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். இளவயது வரிசைகளில் மெல்ல ஏறும் தொகை, அறுபதைத் தொட்டதும் எகிறும். 30 ஆண்டுகள் தவறாமல் பணம் கட்டி, ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுக்காதவருக்கும் அதே அட்டவணைதான். இதில் மோசடி எதுவும் இல்லை. கணக்கு அப்படிப் போடப்படுகிறது. அந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்பதுதான் இங்கே நான் முன்வைக்கும் வாதம்.

இந்தக் கணக்கைப் போடுகிறவர்களை ஆக்சுவரி என்பார்கள். தமிழில் காப்பீட்டுக் கணிப்பாளர். நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம் என்பதால், அந்த ஓராண்டில் வரக்கூடிய செலவை மட்டுமே அவர் கணிக்கிறார். ஓர் உதாரணம்: 35 வயதினர் ஆயிரம் பேரில் 30 பேர் மருத்துவமனையில் சேர்ந்து ஆளுக்கு 1 லட்சம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். தலைக்கு 3,000 ரூபாய் போதும். 65 வயதினர் ஆயிரம் பேரில் 120 பேர் சேர்ந்து ஆளுக்கு 2 லட்சம் ஆனால், தலைக்கு 24,000 ரூபாய். நிறுவனத்தின் லாபமும் நிர்வாகச் செலவும் தனி. அந்தந்த ஆண்டுக்கு இந்தக் கணக்கு சரிதான். மனிதர் வாழ்வதோ ஓராண்டு அல்ல. சம்பாதிக்கும் வயதில் மலிவாகவும், சம்பளம் நின்ற பிறகு எட்டாத விலையிலும் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு, எந்த வயதில் தேவையோ அந்த வயதில்தான் கையை விடுகிறது.

முன்பு இந்தக் குறையைக் குடும்பம் தாங்கியது. 1986இல் மெடிக்ளெய்ம் என்ற மருத்துவக் காப்பீடு அறிமுகமானபோது, முதியவரின் மருத்துவச் செலவை நாலைந்து பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் ஏராளம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்றது 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. 2011 கணக்கெடுப்பில் மாநில மக்களில் 10.4 சதவீதமாக இருந்த அறுபது வயதைக் கடந்தோர், 2021இல் 13.6 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டனர். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அலுவலகம் எடுத்துக்கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் ஓய்வு பெறுவதோடு முடிந்துபோகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்த பிறகு, அறுபதில் புதிதாகப் பாலிசி கேட்டுப் போய் நிற்கிறவர்கள் பெருகப் போகிறார்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருக்கவில்லை. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்று மறுக்க இடம்கொடுத்த வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் 10 சதவீதம் என்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அறுபதில் 30,000 ரூபாய் கட்டுகிறவருக்கு ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏறினால், 75இல் ஏறத்தாழ 1,25,000 ரூபாய் ஆகிவிடும். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி நீங்கியதால் கிடைத்த நிம்மதியை இந்த ஏற்றம் இரண்டே ஆண்டுகளில் விழுங்கிவிடும்.

வழி புதிதல்ல, ஆக்சுவரி தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித அறிஞருக்கு, 45 வயதைக் கடந்துவிட்டார் என்று ஓர் ஆயுள் காப்பீட்டுச் சங்கம் இடம் மறுத்தது. சேரும் வயதுக்கேற்பப் பிரீமியத்தை நிர்ணயித்து, அதே தொகையை ஆயுள் முழுக்க வாங்கினால் எவரையும் வயதைக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் மறைந்த பின் 1762இல் தொடங்கிய ஈக்விடபிள் சொசைட்டி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இளமையில் சற்றுக் கூடுதலாகக் கட்டும் பணம் சேமநிதியாக வளர்ந்து முதுமையைத் தாங்கும். நம்முடைய ஆயுள் காப்பீடு இன்றும் இப்படித்தான் ஓடுகிறது. ஜெர்மனியின் தனியார் மருத்துவக் காப்பீடு முதுமைக்கென நிதி ஒதுக்கியே தீர வேண்டும். போதாதென்று 2000 முதல், புதிதாகச் சேர்வோரிடம் அறுபது வயது வரை 10 சதவீதம் கூடுதலாக வாங்கி முதுமையின் பிரீமியத்தை மட்டுப்படுத்தப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்று ஆட்சேபங்கள் வரும். முப்பது ஆண்டு கழித்து மருத்துவச் செலவு எவ்வளவு ஆகும் என்று யாரால் சொல்ல முடியும் என்பது முதலாவது. நியாயமான கேள்வி, ஜெர்மனியிலும் பிரீமியம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் மருத்துவ விலைவாசிக்காக ஏறுவது வேறு, வயது கூடியதற்காக ஏறுவது வேறு. முன்னதை எல்லோரும் சேர்ந்து சுமக்கலாம். பின்னதைக் கணிக்கத் தெரியாது என்று ஓர் ஆக்சுவரி சொல்லக் கூடாது. இளைஞர்கள் கூடுதலாகக் கட்டச் சம்மதிப்பார்களா என்பது இரண்டாவது. ஆஸ்திரேலியாவில் முப்பதைத் தாண்டித் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம் கூடுதல் கட்டணம் விதித்து, சீக்கிரம் சேர்வதைத் தூண்டுகிறார்கள். நம் இளைஞருக்கு வேறொரு உறுதி தேவை: நிறுவனம் மாறினால் அவர் பெயரில் சேர்ந்த முதுமை நிதியும் கூடவே வர வேண்டும். பாலிசியை மாற்றும் உரிமை இங்கே 2011இலேயே வந்துவிட்டது. நிதியை மாற்றும் உரிமைதான் இல்லை. எழுபதுக்கு மேல் எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை மத்திய அரசு தருகிறதே என்பது மூன்றாவது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு எழுபது வரையிலான பத்து ஆண்டுகளுக்கு அதில் பதில் இல்லை.

இன்றைய நடுவயதினர் முதுமையை எட்டும் முன் இந்த முதுமை நிதி சேரத் தொடங்க வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் பாதகம்தான். ஆயுள் முழுமைக்குமான ஒரு மருத்துவ பாலிசியையாவது ஒவ்வொரு நிறுவனமும் விற்க வேண்டும் என்று ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை ஒன்றையாவது உடனே செய்யலாம். 35 வயதுக்காரரிடம் பாலிசி விற்கும்போதே, அவர் 60, 70, 80 வயதில் கட்ட வேண்டிய தொகையை இன்றைய விலையில் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.