கை கட்டுண்டவனைச் சுடலாமா?

"புரட்சி என்று சொல்லிக் கொன்றால் மட்டும் கொலை நியாயமாகி விடுமா?" ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் இடத்திலும் களத்து மேட்டிலும் நம்மைக் கேட்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்வோம்.

தெலங்கானாவையே எடுத்துக்கொள்வோம். நிஜாம் ராஜ்யத்தில் தேஷ்முக் வைத்ததே சட்டம். வெட்டி வேலைக்கு மறுத்தால் அடி, உதை. 1946 ஜூலை 4-ல் கடவெண்டி கிராமத்தில் ஊர்வலம் போன ஜனங்களை விஸ்னூர் தேஷ்முக்கின் அடியாட்கள் சுட்டார்கள். தொட்டி கொமரய்யா மாண்டார். ஜனங்கள் கையிலிருந்தவை தடியும் கவணும்தான். துப்பாக்கியை முதலில் நீட்டியது யார்? இதைக் கேட்காமல் அஹிம்சை உபதேசிக்கும் பெரியவர்களிடம் நமக்கு மரியாதை இல்லை. ரஜாக்கர்கள் ஊர் ஊராகக் கொளுத்தியபோதுதான் விவசாயியும் துப்பாக்கி தூக்கினான். சுமார் 3,000 கிராமங்களில் தேஷ்முக் ஆட்சி ஒழிந்தது. 10 லட்சம் ஏக்கர் நிலம் உழைப்பவன் கைக்கு வந்தது. இதற்கு நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது, நிஜாம் சரணடைந்தார். ராணுவத்தின் முதுகுக்குப் பின்னால், ஓடிப்போன தேஷ்முக்குகளும் திரும்பினார்கள். போரை நிறுத்தச் சொன்னார் ரவி நாராயண ரெட்டி. தொடரச் சொன்னார் சுந்தரய்யா. 1951 அக்டோபரில்தான் போராட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 4,000 பேர் பலியாகியிருந்தார்கள். காட்டிலிருந்த கொரில்லாவுக்குச் சோறு கொடுத்ததற்காக ஊரில் அடிபட்டவன் கூலிக்காரன். அவன் சம்மதமில்லாமல் யுத்தத்தை ஒரு நாள் நீட்டவும் எந்தக் கமிட்டிக்கும் உரிமை கிடையாது என்பதே நம் கருத்து.

உளவாளி என்று கருதிக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. சுட வருகிறவனைச் சுடுவது வேறு, பிடிபட்டவனைச் சுடுவது வேறு. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறைக்குள் அடைபட்டுக் கிடந்த 22 தோழர்களைச் சுட்டுத் தள்ளினார்களே, அதைப் படுகொலை என்கிறோம். அதே தராசில் நம் பக்கத்தையும் நிறுத்தத்தான் வேண்டும்.

1918 ஜூலையில் ரஷ்யாவில் ஜார் மன்னனோடு அவன் பிள்ளைகளையும் சுட்டார்கள். கடைசிப் பையனுக்கு வயது 13. வெண்படை நெருங்கிவிட்டது என்பார்கள். இருக்கட்டும். அப்பன் செய்த கொடுமைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

"இரக்கம் காட்டினால் ஏமாறுவோம்" என்று சிலர் வாதிப்பார்கள். 1917-ல் பிடிபட்ட கிராஸ்னோவ் என்ற தளபதியை, இனி எதிர்ப்பதில்லை என்ற வாக்கை நம்பி விட்டார்கள். அவன் டான் பிரதேசத்துக்குப் போய்ப் படை திரட்டினான். உண்மைதான். அதற்காக அவனைச் சுட்டிருக்க வேண்டியதில்லை. யுத்தம் முடியும்வரை சிறையில் வைத்திருந்தால் போதும்.