கடலதிர்ச்சியும் மாலுமியின் மூளையும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

அதிவேகப் படகுகளில் பணிபுரிவோர் அலைக்கு அலை வாங்கும் அதிர்ச்சியை முதுகுநோயின் காரணமாக மட்டுமன்றி, மூளைக்கு நேரும் தொழில் அபாயமாகவும் கருதி அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

அமெரிக்கக் கடற்படையின் விசேஷப் படையினரை ஏற்றிச்செல்லும் விரைவுப் படகு ஒன்று அலைமுகட்டினின்று எழும்பி மறுகணமே நீர்ப்பரப்பில் அறைந்து விழுங்கால், அவ்வதிர்ச்சி தளத்தினின்று ஆசனத்துக்கும், ஆசனத்தினின்று முதுகெலும்புக்கும், கழுத்தின் வழியே சிரசுக்கும் ஏறித் தலையை வெட்டி ஆட்டுகிறது. கபாலத்தினுள் திரவத்தில் மிதக்கும் மூளையோ அவ்வேகத்துக்கு ஈடுகொடாமல் பின்தங்கி முறுக்குண்ண, அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலை எதன்மீதும் மோத வேண்டிய அவசியமே இல்லை. மோதாத தலைக்குக் கவசம் அணிவித்து, அதன்மேல் இரவுப்பார்வைக் கருவியையும் பூட்டினால், கழுத்தின் பாரம் கூடுவதுதான் மிச்சம்!

2000ஆம் ஆண்டில் சான் டியாகோவிலுள்ள கடற்படைச் சுகாதார ஆராய்ச்சி நிலையம் இப்படகோட்டிகளின் காயங்களைப் பற்றி விசாரித்தபோது, கீழ்முதுகும் முழங்காலும் தோளுமே முன்னின்றன. சட்டமும் அவ்வழியே சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு அதிர்வுக் கட்டளை, எட்டுமணி நேர வேலைக்குச் சராசரியாக, வினாடி வர்க்கத்துக்கு 1.15 மீட்டர் என உச்சவரம்பு விதிக்கிறது. நாள் முழுதும் சீராக நடுங்கும் டிராக்டருக்குப் பொருந்தும் இச்சராசரி, கடலின் பேரறைகளைத் தனக்குள் கரைத்துவிடுகிறது. அதே கட்டளை அனுமதிக்கும் மாற்று அளவோ நான்காம் படியில் கணக்கிடப்படுவதால், இருமடங்கு வலிய அதிர்ச்சி 16 மடங்காக எண்ணப்படுகிறது. படகுகளுக்கு இம்மாற்று அளவையே கட்டாயமாக்க வேண்டும்.

பூரண நிரூபணம் வரும்வரை பொறுத்திருக்கலாமே என்பார் உளர். குத்துச்சண்டைக்காரரின் மூளைச்சிதைவை மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928இல் எடுத்துரைத்தார். அவர்கள் வாங்கும் அடியும் படகின் அதிர்ச்சியும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், அடுத்தடுத்த தாக்குதலால் விளையும் அவ்வியாதியை இன்றளவும் மரணத்துக்குப் பின் மூளையைப் பரிசோதித்தே உறுதி செய்ய முடிகிறதென்றால், உயிரோடிருப்பவனைப் பொறுத்திருக்கச் சொல்வது எவ்வகை நியாயம்?

ஆகவே, ஒவ்வொரு படகிலும் அதிர்ச்சிமானி பொருத்தி அதன் கணக்கை ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவேட்டிலும் சேர்த்தல் வேண்டும். பணியில் சேரும் நாளிலேயே ஞாபகமும் கவனமும் சோதிக்கப்பட்டு, அச்சோதனை பின்னரும் தொடர வேண்டும். அதிர்ச்சி தாங்கும் ஆசனம் நல்லதே. ஆனால் அது செங்குத்தான அறையைத் தணிக்குமேயன்றிப் பக்கவாட்டு வெட்டை நிறுத்தாது. தலைவலியையும் மறதியையும் முறையிடுபவன் கோழையெனக் கருதப்படலாகாது. அதிர்ச்சிமானி இல்லாத காலத்தில் உழைத்து ஓய்வுபெற்றோரின் சிகிச்சைக் கோரிக்கைகளை, பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் எந்த அரசும் நிராகரிக்கலாகாது.